பத்துப் பக்கம் எழுதியும் பிடிபடாத ‘ஹாவ்’

கேள்வி இதுதான்: “மருத்துவம் படிக்கச் சீனா போகப்போகிறேன். மூன்று மாதமாக மாண்டரின் கற்கிறேன். ‘நி ஹாவ்’ என்பதில் வரும் ‘ஹாவ்’ எழுத்தைப் பத்துப் பக்கம் எழுதிவிட்டேன், இன்னும் கோணல்மாணலாகத்தான் வருகிறது. பொருள் ‘நல்ல’ என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் சோறு தயார் என்றாலும் ஹாவ், குளிர் அதிகம் என்றாலும் ஹாவ், போதும் நிறுத்து என்றாலும் ஹாவ். இதை எப்படி எழுதிப் பழகுவது, எப்படிப் பயன்படுத்துவது?”

முதலில் அந்தப் பத்துப் பக்க வேலையை நிறுத்துங்கள். முதல் வரியில் விட்ட தப்பை நூறு தடவை பழகியிருப்பீர்கள், அவ்வளவுதான். கை பழகும், ஆனால் தப்பாகப் பழகும்.

போனில் பின்யின் (சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) விசைப்பலகையைத் திறந்து எச், ஏ, ஓ என்று தட்டுங்கள். முதலில் வந்து நிற்கும் எழுத்துதான் நம்முடையது. சீன மொழியில் அதிகம் புழங்கும் முதல் நூறு எழுத்துகளுக்குள் இது வந்துவிடும். எழுத்தை விரலால் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம். ஹ என்பதைத் தொண்டையை லேசாக உரசிச் சொல்ல வேண்டும். ‘பகல்’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் க தேய்ந்து வருகிறதே, அதைக் கொஞ்சம் அழுத்தினால் கிட்ட வந்துவிடும். மாண்டரினில் குரல் ஏறி இறங்கும் விதத்தைத் தொனி என்பார்கள், அது மாறினால் பொருளும் மாறும். மொத்தம் நான்கு, இதன் தொனி மூன்றாவது. இறங்கி ஏறும் தொனி என்று எல்லாப் புத்தகமும் படம் போட்டுக் காட்டும். ஆனால் பேச்சில் அடுத்த சொல் தொடர்ந்து வந்தால் ஏறுவதற்கு நேரமே இருக்காது, குரல் தாழ்ந்தபடியே போய்விடும். மனமில்லாமல் ‘சரி சரி, பார்க்கலாம்’ என்று முனகும்போது குரல் எங்கே இருக்கிறதோ, அங்கே வையுங்கள். இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக ஏறிவிடும். அதனால்தான் ‘நி ஹாவ்’ சொல்லும்போது ‘நி’ கேள்வி கேட்பதுபோல மேலே போகிறது.

இப்போது வடிவம். இடது பாதி ‘ந்யூ’, பெண். வலது பாதி ‘ஸி’, பிள்ளை. தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்தால் நல்லது, ஆகவே ‘நல்ல’ என்று எல்லா ஆசிரியர்களும் கதை சொல்வார்கள். நினைவில் வைக்க நல்ல கதைதான், வைத்துக்கொள்ளுங்கள். வரலாறு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த ‘ஷுவோவன் ஜியேஸி’ அகராதி இந்த எழுத்துக்கு ‘அழகு’ என்றுதான் பொருள் தருகிறது. அதற்கும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் முன்னால் போனால் இன்னும் வேடிக்கை. 1976-ல் ஆன்யாங் நகரில் ஜெங் ஜென்ஷியாங் என்ற பெண் தொல்லியலாளர் தலைமையில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கொள்ளையர் கை படாமல் அப்படியே இருந்த கல்லறை. 1928 பொருட்கள் கிடைத்தன, அவற்றில் 755 ஜேட் கல்லில் செய்தவை. அது ஷாங் வம்ச மன்னன் வு டிங்கின் மனைவியருள் ஒருத்தியான ஃபு ஹாவுடையது. 13,000 வீரர்களைத் திரட்டிப் போருக்குப் போனதாக எலும்பு எழுத்துகளில், அதாவது குறி கேட்க எலும்பில் பொறித்த பழைய எழுத்துகளில், குறிப்பு உள்ள பெண் அவள். அவள் பெயரில் இருப்பதும் இதே எழுத்துதான். ஆனால் அங்கே அது ‘நல்ல’ என்ற பொருளில் இல்லை, ‘ஸி’ என்ற குலப்பெயரோடு பெண்பால் குறி சேர்ந்தது என்று பல அறிஞர்கள் வாசிக்கிறார்கள். பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில் நின்றாலே தாய்ப்பாசம் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதற்காகச் சொன்னேன்.

அழகான வழக்கு ஒன்றும் உண்டு. மகன் ஒன்று, மகள் ஒன்று என்று இருக்கும் பெற்றோரிடம் ‘ஹாவ் எழுத்து கூடிவிட்டது’ என்று சீனர்கள் வாழ்த்துவார்கள். ‘ஸி’ என்பது பழைய வழக்கில் மகனையும் குறிக்கும், ‘ந்யூ’ மகள்.

எழுதலாம். கட்டம் போட்ட பயிற்சி நோட்டு வாங்குங்கள். ‘தியேன்ஸி க’ என்பார்கள், ‘வயல் எழுத்துக் கட்டம்’ என்று அர்த்தம். வயலைக் குறிக்கும் எழுத்தே வரப்புக் கட்டி நான்கு பாத்தி பிரித்ததுபோல இருக்கும், கட்டமும் அப்படியே. கோடில்லாத தாளில் பழகினால் கோணல் எங்கே வருகிறது என்றே தெரியாது. உங்கள் பத்துப் பக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மொத்தம் ஆறு கோடுகள், பக்கத்துக்கு மூன்று. இடது பக்கம் முதலில். முதல் கோடு மேலிருந்து இடப்பக்கமாகச் சாய்ந்து இறங்கி, பாதி வழியில் பேனாவை எடுக்காமலே திரும்பி, வலப்பக்கம் கீழே போய் நிற்கும். இது ஒரே கோடு. இரண்டாக உடைத்து எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தப்பு. இரண்டாவது கோடு வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து, முதல் கோட்டின் வாலை வெட்டிப் போகும். மூன்றாவதுதான் குறுக்குக் கோடு. நம் கண்ணுக்குக் குறுக்குக் கோடுதான் பெரிதாகத் தெரிவதால் அதை முதலில் போடத் தோன்றும். போடாதீர்கள், அது கடைசி.

இந்த வரிசை மறக்காமலிருக்க ஜப்பானில் ஒரு வழி இருக்கிறது. பெண் நிஞ்ஜாவை அங்கே ‘குனொயிச்சி’ என்பார்கள். ‘கு’ என்ற ஹிரகனா எழுத்து, ‘நோ’ என்ற கதகனா எழுத்து, ‘இச்சி’, அதாவது ஒன்று என்ற எண்ணின் எழுத்து. மூன்றையும் வரிசையாகப் போட்டால் ‘பெண்’ எழுத்து வந்துவிடும். அந்தப் பெயரே எழுத்தைப் பிரித்துச் சொன்ன சங்கேதம்தான்.

கோணல் வருகிறது என்றீர்களே, பெரும்பாலும் அது இந்த மூன்றாவது கோட்டில்தான் இருக்கும். ‘பெண்’ எழுத்தைத் தனியாக எழுதினால் குறுக்குக் கோடு இரண்டு பக்கமும் தாராளமாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதே எழுத்து இடப்பக்கத்து ஒண்டிக்குடித்தனமாக வந்துவிட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். குறுக்குக் கோடு மேல்நோக்கிச் சீறும் சின்னக் கோடாக மாறும். இதற்கு ‘தி’ என்று பெயர். இடது கீழிருந்து வலது மேலாக ஏறி, இரண்டாவது கோட்டைத் தொட்டதும் நின்றுவிடும், தாண்டாது. தாண்டினால் பிள்ளையின் இடத்தில் மோதும், எழுத்து இரண்டாகப் பிளந்து அகலமாகிவிடும். பெண்ணை ஒல்லியாக, கொஞ்சம் உயரமாக எழுதுங்கள். பாதிக் கோணல் அப்போதே போய்விடும்.

வலது பக்கம். முதல் கோடு சின்னதாக இடமிருந்து வலம் போய், மடங்கி, இடது கீழாகக் கொஞ்சம் சரியும், 7 போல. இரண்டாவது அது முடிந்த இடத்தில் தொடங்கி, வலப்பக்கம் லேசாக வயிறு தள்ளிக் கீழே இறங்கி, அடியில் இடப்பக்கமாக ஒரு கொக்கி போடும். மூன்றாவது நீளமான குறுக்குக் கோடு, இடமிருந்து வலமாக நடுவை வெட்டிக்கொண்டு போகும். இதற்கு வலப்பக்கம் தடுப்பு கிடையாது, நன்றாக நீட்டலாம். இந்தக் குறுக்குக் கோடும் பெண்ணின் சீறும் கோடும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒன்றையொன்று பார்ப்பதுபோல அமைந்தால் எழுத்து தானாக நிமிர்ந்துவிடும்.

கொசுறாக ஒன்று: பிள்ளையில் அந்தக் கடைசிக் குறுக்குக் கோட்டைப் போடாமல் விட்டால் கிட்டத்தட்ட ‘ல’ என்ற இன்னொரு எழுத்து கிடைக்கும். ஏதோ நடந்தாகிவிட்டது, நிலைமை மாறிவிட்டது என்று காட்ட வாக்கிய முடிவில் வருகிற எழுத்து. ஆக ஹாவ் ஒன்றை ஒழுங்காக எழுதக் கற்றால் பெண், பிள்ளை, ‘ல’ என்று மூன்றும் கூடவே வந்துவிடுகின்றன. அப்புறம் அம்மா, அக்கா, தங்கை, அவள், குடும்பப்பெயர் ஆகிய எழுத்துகளுக்கெல்லாம் இடப்பக்கம் இதே ஒல்லிப் பெண்தான். ‘எழுத்து’ என்ற சொல்லுக்கான எழுத்தே கூரைக்குக் கீழே ஒரு பிள்ளைதான். 1716-ல் வெளிவந்த காங்ஷி அகராதி எழுத்துகளை அவற்றின் உறுப்பை வைத்து வகைப்படுத்தும் 214 தலைப்புகளில் 38-வது பெண், 39-வது பிள்ளை. அங்கேயும் பக்கத்துப் பக்கத்தில்தான். ஹாவ் எழுத்தை அதில் தேட வேண்டுமானால் பெண் தலைப்பின் கீழ் தேட வேண்டும்.

பழகும் முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. அச்செழுத்தைப் பார்த்து மூன்று தடவை, மூடிவிட்டு மூன்று தடவை. திறந்து ஒப்பிட்டு எது மோசமோ அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் காலை பார்க்காமல் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. தனி எழுத்தாக வேண்டாம், ‘ஹாவ் ச்சி’, ‘ஹாவ் ல’ என்று சொல்லாகவே எழுதுங்கள். கோட்டு வரிசை எதற்கு, பார்க்க ஒன்றுபோல இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு சீன டாக்டர் கிறுக்கிய சீட்டை வாசித்துப் பார்க்கட்டும். வேகமாக எழுதும்போது கோடுகள் வரிசைப்படி ஒட்டிக்கொள்ளும். அந்த வரிசை உங்கள் கைக்குத் தெரிந்தால்தான் அடுத்தவர் கிறுக்கலைக் கண்ணால் பிரிக்க முடியும். உங்கள் படிப்புக்கு இது கட்டாயம் வேண்டும்.

சரி, பொருள். இங்கேதான் உங்கள் புத்தகம் உங்களைக் கைவிட்டிருக்கிறது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கில ‘குட்’ வழியாகப் போகின்றன. தமிழராகிய நமக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. நம்மிடம் ‘நல்ல’ இருக்கிறது, ‘சரி’ இருக்கிறது, ‘ஆச்சு’ இருக்கிறது. இந்த மூன்றும் பார்க்கிற வேலையில் முக்கால்வாசியைச் சீனத்தில் ஹாவ் ஒன்றே பார்த்துக்கொள்கிறது.

‘நல்ல மழை’, ‘நல்ல பசி’, ‘நல்ல அடி வாங்கினான்’ என்கிறோம். அடி வாங்குவதில் என்ன நல்லது? அளவு அதிகம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். சீனத்தில் ‘ஹாவ் லெங்’, நல்ல குளிர். ‘ஹாவ் யுவான்’, நல்ல தூரம். ‘ஹாவ் துவோ ரென்’, நல்ல கூட்டம். உங்களைக் குழப்பிய குளிர் இதுதான். ‘ரொம்ப’ என்பதற்குரிய ‘ஹென்’ போட்டாலும் குளிர்தான், ஆனால் அது செய்தி வாசிப்பதுபோல இருக்கும். ஹாவ் போட்டால் சொல்பவர் நடுங்குவது தெரியும். அதனால் தேர்வுத்தாளிலும் அறிக்கையிலும் ஹென், வாய்ப்பேச்சில் ஹாவ். இன்னொன்று, ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்பதற்கு ‘வோ ஹென் ஹாவ்’ என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஹென் இல்லாமல் ‘அவன் ஹாவ்’ என்று விட்டால் ‘அவன்தான் மேல்’ என்று யாரோடோ ஒப்பிட்டதுபோல ஆகிவிடும்.

அடுத்தது ‘ஆச்சு’. ‘ஃபான் ஹாவ் ல’ என்றால் சோறு ஆயிற்று. சோறு நல்லது என்று சொல்லவில்லை, வடித்தாயிற்று, சாப்பிட வாருங்கள் என்று சொல்கிறார்கள். வினைக்குப் பின்னால் வந்தாலும் இதே வேலைதான். ‘ஷியே வான் ல’ என்றால் எழுதி முடித்தாயிற்று, பரீட்சையில் மணி அடித்ததும் பேனாவை வைப்பதுபோல. ‘ஷியே ஹாவ் ல’ என்றால் எழுதியாயிற்று, சரியாகவும் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போகலாம். முடிந்தது வேறு, ஆகிவந்தது வேறு. வார்டில் உங்களுக்குத் தினமும் தேவைப்படப்போகிற ஒன்று: ‘ஹாவ் தியேன் ல மா?’ கொஞ்சம் பரவாயில்லையா என்று நோயாளியிடம் கேட்பது. அவர் ‘ஹாவ் ல’ என்றால் உடம்பு சரியாகிவிட்டது. தமிழிலும் ‘சரி’யாகத்தானே ஆகிறது!

‘சரி’ என்று ஒப்புக்கொள்ளும் ஹாவுக்கு வால் முக்கியம். ‘ஹாவ் த’ என்றால் ‘சரிங்க’. கடைக்காரரோ அலுவலகத்தாரோ சொல்வது. ‘ஹாவ் ஆ’ என்றால் ‘ஓ, பேஷாக!’ ‘ஹாவ் பா’ என்றால் ‘சரி, விடு, உன் இஷ்டம்’, பெருமூச்சு கூடவே வரும். வாத்தியார் சொன்ன வேலைக்கு ‘ஹாவ் பா’ என்று பதில் அனுப்பிவிட்டு, அவர் முகம் ஏன் சுருங்கியது என்று யோசிக்காதீர்கள். ‘ஹாவ் ல, ஹாவ் ல’ என்று இரண்டு தடவை வந்தால் ‘போதும் போதும், நிறுத்து’. உங்கள் மூன்றாவது குழப்பம் தீர்ந்தது.

வினைக்கு முன்னால் வந்தால் இரண்டு பொருள். சாப்பிடு, பார், கேள் போன்றவற்றோடு சேர்ந்தால் ருசி, அழகு, இனிமை: ஹாவ் ச்சி, ஹாவ் கான், ஹாவ் திங். செய், படி போன்றவற்றோடு சேர்ந்தால் செய்ய எளிது, படிக்க எளிது. அப்புறம் இரண்டாவது வாக்கியத்தின் நடுவே வந்து ‘வசதியாக இருக்கும்’ என்று சொல்வதும் உண்டு. ‘உன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போ, நான் ஹாவ் தேட’ என்பது சீன வாக்கிய அமைப்பு. தேட வசதியாக இருக்கும் என்று அர்த்தம். ‘ஸுய் ஹாவ்’ என்றால் ‘மிக நல்லது’ என்று நேராகப் பொருள் கொண்டாலே போதும், ‘நேரத்தோடு கிளம்புவது நல்லது’ என்று நாமும் அப்படித்தானே புத்தி சொல்கிறோம். ‘ஜி ஹாவ்’ மட்டும் முரண்டு பிடிக்கும், ‘வேறு வழியில்லாமல்’ என்று அர்த்தம். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இனி ஆபத்தான இடம். இதே எழுத்துக்கு நான்காம் தொனியில், ‘போ!’ என்று அதட்டுவதுபோல் இறங்கும் தொனியில், இன்னொரு வாசிப்பு உண்டு. அப்போது பொருள் ‘ஒன்றின் மீது பிரியம்’. ‘ஐ ஹாவ்’ என்றால் பொழுதுபோக்கு, ‘ஹாவ் ச்சீ’ என்றால் ஆர்வம், ‘ஹாவ் க்க’ என்றால் விருந்தோம்பல் குணம். எழுத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. ‘ஹாவ் ஷுயே’ மூன்றாம் தொனியில் ‘படிக்க எளிது’, நான்காம் தொனியில் ‘படிப்பில் ஆசையுள்ள’. நண்பனைக் காட்டி ‘இவன் சாப்பாட்டுப் பிரியன்’ என்று சொல்லப்போய் மூன்றாம் தொனியில் விட்டுவிட்டால் ‘இவன் ரொம்ப ருசியாக இருப்பான்’ என்று ஆகிவிடும். மேஜையே சிரிக்கும்.

தர்க்கத்தைக் கேலி செய்யும் ஒரு ஜோடியும் இருக்கிறது. ‘ரோங்யி’ என்றால் எளிது. ‘ஹாவ் ரோங்யி’ என்று வினைக்கு முன்னால் போட்டால் ‘படாதபாடு பட்டு’ என்று பொருள். நடுவில் ‘பு’, அதாவது ‘இல்லை’, சேர்த்து ‘ஹாவ் பு ரோங்யி’ என்றாலும் அதே படாதபாடுதான். ஏன் என்று கேட்டால் சீன நண்பர்கள் தோளைக் குலுக்குவார்கள். குழப்பத்தைத் தவிர்க்க நான் எப்போதும் ‘பு’ சேர்த்தே சொல்வேன்.

எதற்கெடுத்தாலும் ஆமாம் போடுகிறவரை ‘ஹாவ்ஹாவ் ஷியன்ஷெங்’, ‘நல்ல நல்ல ஐயா’ என்பார்கள். பின்-ஹான் வம்சக் காலத்து சிமா ஹுய் என்பவரைப் பற்றிய கதை அது. யார் எதைச் சொன்னாலும் ‘ஹாவ்’ என்பாராம். ஒருவர் வந்து தன் மகன் இறந்துவிட்டான் என்றபோதும் ‘ரொம்ப ஹாவ்’ என்றாராம். மனைவி கடிந்துகொண்டதும், ‘நீ சொல்வதும் ரொம்ப ஹாவ்’ என்றாராம்.

வணக்கம் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘நி ஹாவ் மா?’ என்று தினம் பார்க்கிறவர்களிடம் சீனர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ‘ச்சி ல மா?’ என்பார். ‘சாப்பிட்டாச்சா?’ அப்படியே நம் ஊர்தான். சாப்பாடு போடப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள், ‘ச்சி ல’ என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

எளிமையாக்கப்பட்ட எழுத்தா, பழைய எழுத்தா என்ற தலைவலி இதில் இல்லை. பெய்ஜிங், தைபே, ஹாங்காங், சிங்கப்பூர், தோக்கியோ எங்கேயும் இந்த ஆறு கோடுகளேதான். ஒலி மட்டும் மாறும். மலேசியாவில் வளர்ந்த தமிழர்களைக் கேளுங்கள், ‘ஹோ ஜியாக்’ என்றால் ருசி என்று சட்டெனச் சொல்வார்கள். ஹொக்கியென் என்ற தென்சீன வழக்கில் அந்த ‘ஹோ’வும் இந்த ஹாவ் எழுத்துதான். ஜப்பானில் ‘சுகி’, பிடிக்கும் என்பதை எழுத இதே எழுத்தைப் போடுகிறார்கள். நான்காம் தொனியின் பொருள் அங்கே போய்க் குடியேறிவிட்டது.

தூரிகை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இப்போதைக்கு வேண்டாம். ஜெல் பேனாவும் கட்ட நோட்டும் போதும். இன்றைக்கு மூன்று தடவை எழுதிப் பாருங்கள். பெண்ணின் குறுக்குக் கோடு எல்லை தாண்டாமல் நின்றுவிட்டால் நாளைக்கு ‘அம்மா’ எழுத்தைத் தொடங்கலாம். இடது பாதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது, வலது பாதியில் ஒரு குதிரையை மட்டும் நிறுத்தினால் போதும்.